மகிழடியில் யாருக்கு இடம்?

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் மகிழ மரம் ஒரு காதலுக்குச் சாட்சி நின்ற மரம். கயிலையில் சுந்தரர் கண்டு மயங்கிய அனிந்திதை, இங்கே சங்கிலியாகப் பிறந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். பிரியமாட்டேன் என்று மரத்தடியில் சத்தியம் செய்து கைப்பிடித்த சுந்தரர், ஆரூர் நினைப்பு வந்ததும் கிளம்பினார். ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போனது. காஞ்சியில் இடக்கண் கிடைத்தது, ஆரூரில் வலக்கண். மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது.

விதி, காதல், பார்வை மூன்றும் முடிச்சுப் போட்டுக்கொண்ட கதை இது. தமிழுக்கு இந்த முடிச்சு புதிதல்ல. 'பால்' என்ற சொல்லுக்கு ஊழ் என்றொரு பொருள் உண்டு. களவில் தலைவனையும் தலைவியையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துவது அந்தப் பால்தான் என்கிறது தொல்காப்பியம். ஆண்பால், பெண்பால் என்னும்போதும் அதே சொல். தன்பாலீர்ப்பு என்று இன்று நாம் சொல்வதில் இருப்பது இரண்டாவது பால் மட்டும். முதலாவதை, அதாவது 'இது இப்படித்தான் எழுதியிருந்தது' என்ற கௌரவத்தை, தன்பால் காதலர்களுக்கு நம் எழுத்து கொடுத்ததில்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் விபத்து, வயசுக் கோளாறு, சகவாச தோஷம்.

கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானுடம்' 1978-இல் வந்தது. அநாதைச் சிறுவன் கணேசனைச் செல்வந்தரான சிங்கம் ரவுத்து தன் ஆசைக்கு வைத்துக்கொள்கிறார். துணிச்சலான நாவல், அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே பையனுக்குக் கிடைப்பது சோறும் சட்டையும், காதல் இல்லை. பின்னாளில் அவனுக்குத் தொழுநோய் வருவதை வினைப்பயனாகப் படித்தவர்களும் உண்டு. அது நாவலின் குற்றமல்ல, நம் வாசிப்புப் பழக்கம். மலையாளத்தில் பள்ளிப் பெண்களின் நெருக்கம் முன்பே எழுத்துக்கு வந்துவிட்டது: வி. டி. நந்தகுமாரின் 'ரண்டு பெண்குட்டிகள்' 1974-இல். பிறகு திரைக்கும் வந்தது: பத்மராஜனின் 'தேசாடனக்கிளி கரயாறில்லா' 1986-இல். பின்னதில் பள்ளியை விட்டு ஓடிப்போகும் இரு சிறுமிகளும் கடைசியில் சாகிறார்கள். விதி அங்கே வருகிறது, சாவாக மட்டும்.

விதி காதலாக வரும் கதையைத்தான் நான் தேடினேன். அதை ஒரு தமிழ்ப் பையனுக்கு எழுதிக் கொடுத்தவர் ஷியாம் செல்வதுரை. தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பின் கனடா போனவர். 1994-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்' ஆறு கதைகள் கோத்த நாவல். சேலை கட்டி மணப்பெண் விளையாட்டு ஆடிய அர்ஜியை ஆம்பளையாக்க, தந்தை விக்டோரியா அகாடமியில் சேர்க்கிறார். அங்கேதான் ஷெஹான் என்ற சிங்களப் பையன் காத்திருக்கிறான். விதியின் குறும்புக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் வேண்டாம். அப்பனே கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுகிறார்.

நாவலின் உச்சம் முத்தத்தில் இல்லை, ஒரு பள்ளி விழாவில் இருக்கிறது. தலைமையாசிரியர் அடித்து வதைக்கிறவர். ஷெஹானை அவருக்கு ஆகாது. ஆனால் அவர் பதவியில் இருந்தால்தான் அந்தப் பள்ளி சிங்களப் பள்ளியாக மாறாமல் இருக்கும். தமிழருக்கு அதுவே நல்லது. அவர் பதவி தப்ப அர்ஜி மேடையில் ஆங்கிலக் கவிதைகளைப் பிழையின்றி ஒப்பிக்க வேண்டும். வேண்டுமென்றே குளறிக் கொட்டுகிறான். இனமா ஷெஹானா என்ற கேள்விக்குப் பதின்ம வயதில் அவன் சொன்ன பதில் அது. பிறகு 1983 ஜூலையில் வீடு எரிகிறது. எரிந்தபின் ஷெஹான் சிங்களவன் என்பது அர்ஜியின் கண்ணில் உறுத்துகிறது. காதல் கண்ணைத் திறக்கும் என்பார்கள். திறந்த கண்ணுக்குக் காதலனையும் சேர்த்து வெட்டவெளிச்சமாகக் காட்டுகிற எழுத்து அபூர்வம்.

தமிழ் சினிமா வேறு வழியில் போகிறது. பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) தன்பால் இணைகளையும் விவாதத்தில் உட்கார வைத்தது. 2025 காதலர் தினத்தன்று வந்த 'காதல் என்பது பொதுவுடமை' மகளின் காதலியைத் தாய் எதிர்கொள்வதைப் பேசியது. இரண்டுமே வளர்ந்தவர்களின் கதைகள். வாதம் செய்யத் தெரிந்தவர்களின் கதைகள். பதினாறு வயதுக்கு வாதம் வராது, வயிற்றைப் பிசையும், அவ்வளவுதான்.

வடசென்னையைக் காட்டும் படங்களிலும் அந்தப் பதினாறு வயதுக் காதல் இல்லை. 'மெட்ராஸ்' சுவரைக் காட்டியது, 'வட சென்னை' கேரம் போர்டை, 'சார்பட்டா பரம்பரை' குத்துச்சண்டை மேடையை. காசிமேட்டு ஏலத்திலும் எண்ணூர் நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரி வரிசையிலும் கேமரா தேடுவது கத்தியை. பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்' இந்த ஊரின் விளிம்பு மனிதர்களை அன்போடு எழுதிய புத்தகம். ஆனாலும் பள்ளி விட்டு வரும் இரண்டு பையன்களின் காதல் கதைக்கு ராயபுரம் இன்னும் காத்திருக்கிறது.

இத்தனைக்கும் இங்கே ஒளிந்துகொள்ளத் தேவையே இல்லை. ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து நடந்தால் 'யார் வீட்டுப் புள்ள?' என்று தெரு விசாரிக்கும். இரண்டு பெண்கள் இடுப்பில் கைபோட்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சலுகை கல்யாணப் பேச்சு எடுக்கும் வரைக்கும்தான். 2008 மே மாதம் திருவொற்றியூரை அடுத்த சாத்தாங்காட்டில் நடுவயதுப் பெண்கள் இருவர் சேர்ந்து உயிரை விட்டார்கள். இருவரும் மணமானவர்கள், வீட்டார் பிரிக்கப் பார்த்தார்கள் என்று நாளேடுகள் எழுதின. இரண்டு நாள் செய்தி.

துறைமுகத்தை ஒட்டிய உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூனில் நடந்ததை நான் ஒரு இலக்கியச் சம்பவமாகவே கருதுகிறேன். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் முன் மாணவராகப் போய் உட்கார்ந்தார். தன் பார்வை மாறிய விதத்தைத் தீர்ப்பிலேயே எழுதினார். அடுத்த ஆண்டு பால்புதுமையரைக் குறிக்கும் கலைச்சொற்களை அரசிதழ் வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு யாரும் காதல் கடிதம் எழுத முடியாது.

அதற்கான சொல் விம்கோ நகர் மெட்ரோவிலேயே புழங்குகிறது. 'இன்னிக்கி என் ஆளு வரல' என்று ஒரு பிள்ளை போனில் சொன்னால், எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆணா பெண்ணா என்று தெரியாது. ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, ஆளு, அவ்வளவுதான். கைதேர்ந்த நாவலாசிரியர் ஒருவர் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு முதல் ஐம்பது பக்கங்களை ஓட்டிவிடலாம்.