சார்ட்டில் இல்லாத ஜீப்

பாலர் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் சார்ட்டை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. ஆனால் நிறையப் பிள்ளைகள் முதன்முதலாக உட்கார்ந்து பார்க்கும் அச்சுத்தாள் அதுதான். அதற்கும் தொகுப்பாளர் உண்டு, தேர்வு உண்டு, விடுபடல் உண்டு. ஒரு கவிதைத் தொகுப்பில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று சண்டை போடுகிற நாம், இதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் விடுபடல்கள்தான் முதலில் கண்ணில் படும். 'நமக்கு உதவுபவர்கள்' என்றொரு தலைப்பு. கடையில் வாங்கும் சார்ட்டில் டாக்டர், போலீஸ், தபால்காரர், ஆசிரியர் வரிசையாக நிற்பார்கள். விடியும் முன்னே தூக்குவாளியோடு ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பும் அம்மா அதில் இருக்க மாட்டாள். 'வாகனங்கள்' சார்ட்டில் விமானமும் கப்பலும் இருக்கும், அந்த ஜீப் இருக்காது. மூன்று வயதுப் பிள்ளை இதிலிருந்து வாகனங்களின் பெயரோடு இன்னொன்றையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது: 'எங்க வீட்ல நடக்குறதெல்லாம் பாடம் இல்ல போல.' எழுத்து தெரியும் முன்பே மனசில் ஏறிவிடும் பாடம் இது. பிறகு அழிப்பது கஷ்டம்.

ஒரு கருப்பொருளை எடுத்து அதைச் சுற்றிப் பாட்டு, கதை, விளையாட்டு, எண்ணிக்கை என்று கோர்க்கும் முறை நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். பெல்ஜியத்து மருத்துவர் ஒவீட் டெக்ரோலி 1907இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு பள்ளி தொடங்கினார். பாடங்களைத் தனித்தனியாக வெட்டாமல், பசி, குளிர், ஆபத்து, வேலை என்று குழந்தையின் தேவைகளை மையத்தில் வைத்தார். பிள்ளை எதையும் முழுசாகத்தான் பார்க்கிறது, பிரிப்பதெல்லாம் அப்புறம் என்பது அவர் பார்வை. நம் அங்கன்வாடிகளின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் கருப்பொருள் வழியில் போவதுதான். நோட்டில் ஏ, பி, சி எழுதவைத்துப் பிஞ்சு விரலை நோகடிக்கும் வகுப்புகளோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். அதைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும்.

குறை இதுதான். டெக்ரோலி மையத்தில் வைத்தது தேவைகளை. நடைமுறையில் நாம் வைப்பது பெயர்ச்சொற்களை: பழங்கள், விலங்குகள், வாகனங்கள். தேவையிலிருந்து கேள்வி முளைக்கும். பெயர்ச்சொல்லிலிருந்து பட்டியல்தான் முளைக்கும்.

ஒரு உதாரணம். 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் வந்தது. சின்னக்கானலில் வீடுகளையும் கடைகளையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது. கேரள வனத்துறை அதைப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஊரில் 144 தடை உத்தரவு போட்டார்கள். ஜூன் 5இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அந்த ஜூனில் ஒரு கம்பத்துப் பிள்ளையிடம் 'யானை காட்டு விலங்கு, காட்டில் வாழும்' என்று சார்ட்டைக் காட்டினால் என்ன சொல்லும்? 'இல்ல டீச்சர், எங்க ஊருக்குள்ள வந்துச்சு.'

அந்த 'இல்ல டீச்சர்'தான் கருப்பொருள். ஏன் வந்தது, அதற்கு என்ன பசி, நமக்கு ஏன் பயம் என்று ஒரு வாரம் போகலாம். தரையில் யானையின் கால்தடத்தைச் சாக்பீஸால் பெரிதாக வரைந்து, அதற்குள் எத்தனை பிள்ளைகளின் பாதம் அடங்கும் என்று எண்ணலாம். யானையாகவும் ஊர்க்காரராகவும் நடித்துப் பார்க்கலாம். கணக்கு, மொழி, நாடகம் எல்லாம் இதிலேயே வந்துவிடும்.

படத்துக்கு முன்னால் பொருள் என்பது இந்த மலைக்குப் புதுசு இல்லை. 1939இல் சென்னைக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் இருந்தார். பெரியகுளத்திலிருந்து அண்ணாந்தால் தெரியும் அதே மலைதான். செடி, பூச்சி, கல், தண்ணீர் என்று கண்ணெதிரே இருப்பதிலிருந்து பிரபஞ்சம்வரை பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்ற அவரது சிந்தனை அங்கே வளர்ந்தது. அவர் பெயரைப் பலகையில் மாட்டியிருக்கும் பள்ளிகள் பல, அடிவாரத்தில் ஆப்பிள் படத்தை ஒட்டி வைத்திருக்கின்றன. வெளியே பன்னீர் திராட்சைப் பந்தல். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பழம்!

இதற்கு அங்கன்வாடி டீச்சரைக் குறை சொல்வது அநியாயம். ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். எடை போட வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். இதற்கு நடுவில் 'உள்ளூர்ப் பொருட்களைக் கொண்டு செயல்பாடுகளைத் திட்டமிடுக' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனால், மனிதர் இணையத்தில் கிடைப்பதைத்தான் எடுப்பார். அதனால் திட்டம் சின்னதாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரே பொருள், ஒரே கேள்வி போதும்.

ஜூனுக்குத் 'தண்ணி'யை வைத்துக்கொள்ளலாம். அணையில் நீர் இருந்தால் அந்த மாதம் தேக்கடியிலிருந்து முல்லைப்பெரியாறு தண்ணீரைத் திறப்பார்கள். பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பித்தான். கேள்வி: 'வாய்க்கால்ல தண்ணி எங்கேருந்து வருது?' சின்னதுகள் கொட்டாங்குச்சியில் மொண்டு ஊற்றட்டும். பெரியதுகள் இலவம்பஞ்சு, ஏலக்காய், கூழாங்கல் மூன்றையும் வாளியில் போட்டு, எது மிதக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பார்க்கட்டும். மணலில் வாய்க்கால் வெட்டி மடையைத் திறக்கட்டும். மடை, கம்மாய், வரப்பு என்ற சொற்களை வீட்டிலிருந்து வாங்கி வரட்டும். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் இங்கே நிறைய, அந்தச் சொற்களும் வரட்டும். அணை கட்டியவர் கதையை ஐந்து வயதில் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் இந்த ஊரில் பென்னிகுயிக் என்று பேர் வைத்த ஒரு பையனே வகுப்பில் இருந்தால் என்ன செய்வது, சொல்லித்தான் ஆகணும்.

'சொந்த ஊரையே சொல்லிக்குடுத்தா பிள்ள எப்ப உலகத்தப் பாக்கும்?' என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. இங்கிலீஷ் வேண்டும் என்ற ஆசையும் கேலிக்குரியது இல்லை. 2019இல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கியது அந்த ஆசைக்கான பதில்தான். தோட்ட வேலைக்குப் போகும் அம்மா, 'எம்பிள்ளையும் ஜீப்புல தொங்கணுமா?' என்று கேட்டால் யாரும் பதில் பேச முடியாது.

ஆனால் ஊர் என்பது உலகத்துக்கு மறுபக்கம் இல்லை. ஒரு ஏலக்காயை உரித்து விதைகளை எண்ணும் பிள்ளைக்கு, அது அம்மாவின் கையிலிருந்து போடி ஏல மையம் போய், அங்கிருந்து அரபு நாட்டுக் காப்பிக் கோப்பைவரை போகும் கதையைச் சொல்லலாம். அதில் ஜீப் வரும், லாரி வரும், கப்பலும் வரும். 'கார்டமம்' என்ற இங்கிலீஷ் வார்த்தையும் வரும். ஆப்பிளும் பென்குவினும் அடுத்த மாதம் வரட்டும், யார் வேண்டாம் என்றது?

எந்தத் திட்டத்தையும் மாதக் கடைசியில் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: டீச்சருக்குத் தெரியாத ஒரு விஷயத்தை எந்தப் பிள்ளையாவது சொன்னதா? ஏலக்காய் பறித்து அம்மாவின் விரல் நுனி கறுத்துப் போயிருக்கும் என்று ஒரு பிள்ளை சொல்லி, டீச்சர் நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்த மாதம் வீண்போகவில்லை.