ஐபோனா, ஆண்ட்ராய்டா? அன்றாடம் கைகொடுப்பது எது?

ஐகானை இஷ்டப்பட்ட இடத்தில் வைக்கலாமா, அதன் நிறத்தை மாற்றலாமா என்ற பழைய சண்டை 2024-இல் ஐஓஎஸ் 18 வந்ததோடு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. அதுவரை ஐபோன், ஐகான்களை மேலிருந்து வரிசையாகத்தான் அடுக்கும். 2009-லேயே ஆண்ட்ராய்டில் இருந்த விட்ஜெட், ஐபோனின் முகப்புத் திரைக்கு வந்தது 2020-இல். இன்றைக்கும் நோவா, நயாகரா மாதிரி ஒரு லாஞ்சரைப் போட்டு முகப்பையே மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் ஆண்ட்ராய்டில் மட்டும்தான். ஆனால் இரண்டையும் சில மாதங்களாகச் சேர்த்தே பயன்படுத்தியதில் ஒன்று தெரிந்தது: அலங்கார ஆசை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. நம் பொறுமையைத் தினமும் சோதிப்பவை வேறு.

முதல் சோதனை, அறிவிப்புகள். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஒரே செயலியின் அறிவிப்புகளை வகை பிரித்து நிறுத்தலாம். சாப்பாடு கிளம்பிவிட்டது என்ற தகவல் வேண்டும், தள்ளுபடி விளம்பரம் வேண்டாம் என்றால், வந்த விளம்பரத்தை அழுத்திப் பிடித்து அந்த வகையை மட்டும் அணைத்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே வகைக்குள் திணித்து வைக்கும் செயலிகளும் உண்டு. அங்கே இது பலிக்காது. அவசரத்தில் தள்ளிவிட்ட அறிவிப்பைத் தேடியெடுக்க ஆண்ட்ராய்டு 11 முதல் 'நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி' இருக்கிறது. செட்டிங்ஸில் அதை நாம்தான் இயக்க வேண்டும். உடனே இயக்கிவிடுங்கள். ஐபோனில் ஒலியை அடக்கலாம், அறிவிப்புகளைத் தொகுத்து குறித்த நேரத்தில் வரவழைக்கலாம். வகை பிரிக்கும் வசதியைச் செயலியே கொடுத்தால்தான் உண்டு. வங்கி, டெலிவரி, பள்ளி என்று பத்துப் பக்கமும் போன் அலறும் வீட்டில் இது பெரிய குறை.

அடுத்தது, பின்னால் போவது. ஆண்ட்ராய்டில் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து விரலை இழுத்தாலும் முந்தைய பக்கம் வரும், எல்லாச் செயலியிலும். ஐபோனில் 2025 வரை பெரும்பாலும் இடது ஓரம்தான். சில செயலிகளில் அதுவும் கிடையாது, இடது மேல்மூலையில் உள்ள அம்புக்குறியைத்தான் தொட வேண்டும். பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையில் பெரிய போனை வைத்திருப்பவருக்கு அந்த மூலை எட்டாது.

தமிழில் எழுதுவதில் நிலைமை வேறு. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் உள்ளேயே வந்துவிட்டன. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய எழுத்துருக்களையும் ஆப்பிள் தன் கருவிகளில் சேர்த்திருக்கிறது. சிறிய அளவிலும் கண்ணை உறுத்தாமல் படிக்க முடிகிறது. ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை வழியாகப் பேசியும், விரலால் எழுதியும், ஆங்கில எழுத்தில் தட்டியும் தமிழைக் கொண்டுவரலாம். தட்டச்சு பழகாத பெரியவர்களுக்குப் பேச்சுவழி உள்ளீடு பெரிய வரம். நீளமாக எழுதுகிறவர்கள் இரண்டிலும் கிடைக்கும் செல்லினம் விசைப்பலகைச் செயலியைப் பார்க்கலாம்.

செட்டிங்ஸ் பக்கமே போகாதவருக்கு, பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் ஐபோன்தான் பாதுகாப்பானது. குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்கள் பல, கேட்காத செயலிகளோடும் விளம்பரங்களோடும் வருகின்றன. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பை அனுப்பி வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடியும், வெளியிலிருந்து செயலியை நிறுவ ஆண்ட்ராய்டு தரும் அனுமதியை நம்பித்தான் நடக்கிறது. செயலிக்குச் செயலி எழுத்தின் அளவை மாற்றும் வசதி ஐபோனில் 2021 முதல் இருக்கிறது. வாட்ஸ்அப்பை மட்டும் பெரிதாக்கி அம்மாவிடம் கொடுக்கலாம்.

ஆயுளைப் பொறுத்தவரை, 2018-இன் ஐபோன் எக்ஸ்எஸ் 2024-இன் ஐஓஎஸ் 18-ஐயும் பெற்றது. பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 தொடங்கி கூகுளும் சாம்சங்கும் தங்கள் உயர்விலை போன்களுக்கு ஏழு ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்திருக்கின்றன. மலிவு போன்களுக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை.

ஒரு மாலை உட்கார்ந்து போனைத் தனக்கேற்றபடி அமைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர் ஆண்ட்ராய்டை வாங்கலாம்; என் ஓட்டும் அதற்கே. அந்த ஒரு மாலையை ஒதுக்க முடியாதவர், கையில் பணமும் இருந்தால், ஐபோனை வாங்குவது நல்லது. ஏற்கெனவே ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள், தெரியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் அனுமதியை வீட்டிலுள்ள எல்லாப் போன்களிலும் இன்றே அணைத்துவிடுங்கள்.