சொட்டு வந்த வழி

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூரின் யூ டோங் சென் ஸ்திரீட்டில் வண்டிகள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. தீமிதி நாளில் மாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் இதே நிலைதான். சிடிஇ விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது ஒழுங்காக நின்ற வெப்பமுள், சைனாடவுனுக்குள் நுழைந்து பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்சைத் தாண்டுவதற்குள் மேலே ஏறத் தொடங்கும். ஓடுகிற வண்டியின் ரேடியேட்டரை எதிர்க்காற்றே குளிர வைத்துவிடும். நின்று நின்று போகும் வண்டிக்கு மின்விசிறி மட்டும்தான் துணை. கூலண்ட் குறைந்திருந்தால் நெரிசல் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அப்படிச் சூடேறிய வண்டிகளை அலெக்சாண்ட்ரா வில்லேஜ், சின் மிங் பட்டறைகளில் பார்க்கலாம். நல்ல மெக்கானிக் ஒருவர் கசிவு தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் எனக்கு அலாதிப் பிரியம். பாகத்தைக் கழற்றி மாட்டப் பழகிக்கொள்ளலாம். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. “தண்ணி ஊத்திக் குடுங்கண்ணே, சாயங்காலம் வேலைக்குப் போகணும்” என்று அவசரப்பட்ட ஒருவரிடம், தமிழ்நாட்டிலிருந்து வந்த மெக்கானிக் சொன்னார்: “ஊத்திக்கலாம் சார், போன தண்ணி எங்க போச்சுன்னு பாத்துட்டு ஊத்துவோம்.” இந்தத் தொழிலின் தர்மமே அந்தப் பதிலில் இருக்கிறது என்பேன்.

முதல் கேள்வி, கீழே சொட்டுவது கூலண்டா, ஏசி தண்ணீரா என்பது. இந்த ஊரில் ஏசி போடாமல் யார் ஓட்டுகிறார்கள்? நிறுத்திய இடத்தில் குட்டை கட்டியதைப் பார்த்துப் பதறி வருகிறவர்கள் உண்டு. விரலால் தொட்டுத் தேய்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஏசி தண்ணீருக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கூலண்ட் வழுவழுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. குழந்தைகளும் பூனைகளும் நெருங்காமல் உடனே துடைத்துவிட வேண்டும்.

கைதேர்ந்தவர்கள் தேடுவது காய்ந்த தடத்தை. சூடான எஞ்சின்மேல் விழும் சொட்டு தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும். சாயமும் மற்றவையும் உப்புப் பூத்ததுபோல் படிந்து நிற்கும். இப்போதைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், முனைத்தொட்டிகள் பிளாஸ்டிக். இடையில் ரப்பர் வளையம் வைத்து அலுமினியப் பற்களை மடக்கி இறுக்கியிருப்பார்கள். ஒரு டொயோட்டாவில் அந்தப் பல்வரிசை நெடுக இளஞ்சிவப்புப் பொருக்கு. அடியில் தடிப்பாகவும் மேலே போகப்போக மெலிந்தும் கோடாக ஏறியது. மெக்கானிக் தடித்த இடத்தை விட்டுவிட்டுக் கோட்டின் உச்சியில் விரல் வைத்தார். கசிந்தது கீழே வழியும், விசிறி அதைப் பின்னால் அடிக்கும். ஆகவே மேல்நோக்கியும் முன்நோக்கியும்தான் தேட வேண்டும்.

1990இல் வாகன ஒதுக்கீட்டு முறை வந்ததிலிருந்து இங்கே சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழுக்கு ஆயுள் பத்தாண்டு. அதைப் புதுப்பித்து ஓட்டும் வண்டிகளில் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பேறி, ஹோஸ் மாட்டும் கழுத்தில் மயிரிழை விரிசல் விடுவது சகஜம்.

கண்ணுக்கு எதுவும் அகப்படாவிட்டால் அழுத்தச் சோதனை. நான் மிகவும் ரசிப்பது இதைத்தான். எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடி இருந்த இடத்தில் அழுத்தமானியோடு கூடிய கைப்பம்பைப் பொருத்துவார்கள். மூடியில் 1.1 என்று பொறித்திருந்தால் அந்த அளவோடு நிறுத்த வேண்டும். மிஞ்சினால் நல்ல இணைப்பும் விட்டுப்போகும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். பொறுமை இல்லாதவர் இந்த இடத்தில் தோற்றுவிடுவார். முள் அசையவில்லையா, அடுத்த சந்தேகம் மூடிமேல். பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை ஏறத்தாழ 125 டிகிரிவரை கொதிக்க விடாமல் காப்பது அந்த மூடி பிடித்து வைக்கும் அழுத்தம். முள் இறங்கினால் கைவிளக்கும் நீளக் கைப்பிடி வைத்த சிறு கண்ணாடியும் வெளியே வரும்.

வாட்டர் பம்பின் அடியில் வேண்டுமென்றே விட்ட ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்கைக் கெடுக்காமல் அவ்வழியே வெளியேறிச் சேதி சொல்லும். அந்தத் துளையைப் பசை வைத்து அடைத்து அனுப்பியிருந்த வண்டியையும் பார்த்திருக்கிறேன். செய்யவே கூடாத காரியம் அது. கசிவை அடைக்கவென்று உள்ளே ஊற்றும் பொடியும் திரவமும் எனக்கு உடன்பாடில்லை. ஓட்டையோடு ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அவை அடைத்துவிடக்கூடும்.

வெளியே சொட்டே இல்லாமல் அழுத்தமானியின் முள் இறங்கினால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். அது பெரிய செலவு.

பழுது பார்ப்பது பெரும்பாலும் சுருக்கமான வேலை. கடைசியில் காற்று வெளியேற்றுவதில் மட்டும் அவசரம் கூடாது. புனல் வைத்து நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் புது ரேடியேட்டர் போட்டும் வண்டி சூடேறும்.

ஓட்டும்போது வெப்பமுள் ஏறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி அனுப்பும் இடத்துக்குப் போகாமல், தேடிப் பார்ப்பவரிடம் வண்டியை விடுங்கள். தேடிய நேரத்துக்கு அவர் தனியாகக் கூலி போட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.