மேக்ஸ்வெல் போடாத படம்

நாலு கம்பிகளைச் சதுரமாக வைத்து மூலைக்கு மூலை ஆணி போட்டுக் கோர்த்தால் ஆடும். ஒரு மூலைவிட்டம் சேர்த்தால் நிற்கும். மூட்டு 4, அதை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால் 5, உறுப்பும் 5. சமநிலைச் சமன்பாடுகளை வைத்தே எல்லா உறுப்பின் விசையும் வந்துவிடும். இன்னொரு மூலைவிட்டமும் போட்டால்? சமன்பாடு பத்தாது.

அதற்கு வழி சொன்னது ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1864-ல் எழுதிய கட்டுரை. உபரி உறுப்பைக் கழற்றிவிடுங்கள். பாரம் ஏற்றினால் அந்த இரு மூலைகளும் எவ்வளவு விலகுகின்றன, அங்கே ஓர் அலகு இழுவிசை கொடுத்தால் எவ்வளவு நெருங்குகின்றன என்று பாருங்கள். உறுப்பின் சொந்த நீட்சியையும் சேர்த்துக்கொண்டால் அதன் விசை கிடைத்துவிடும். அபாரமான யோசனை.

ஆனால் கட்டுரையில் ஒரு படம்கூட இல்லை. எல்லாம் பொதுக் குறியீடு. பாலம் கட்டுகிறவர்கள் கண்ணில் அது படவே இல்லை. பத்து வருஷம் கழித்து, 1874-ல், ஜெர்மானியரான ஓட்டோ மோர் இதையே தனியாகக் கண்டுபிடித்து, எப்படிப் பயன்படுத்துவது என்றும் காட்டினார். முறை பரவியது அதற்கப்புறம்தான்.

படிக்கிறவர்தான் மெனக்கெடணும் என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. அதே வருஷம் விசைகளை வரைந்தே கண்டுபிடிப்பது பற்றி அவர் எழுதிய இன்னொரு கட்டுரையில் படங்கள் இருக்கின்றன. அவருக்குப் படம் போடத் தெரியாமல் இல்லை. இங்கே ஒரு சதுரமும் இரண்டு மூலைவிட்டமும் போதும், அரைப்பக்கம்கூட ஆகியிருக்காது.