வாசலில் வேப்பிலை

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலை தொட்டு இராஜபாளையம் வரை, பங்குனி வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு வாசலில் வேப்பிலை தொங்கும். பார்த்தவர் படியேறாமல் திரும்பிவிடுவார். "அம்மா வந்திருக்கா" என்பார்களே தவிர, நோய் என்று சொல்வதில்லை. வீட்டில் தாளிப்பு நிற்கும். அம்மை கண்ட பிள்ளைக்கு இளநீரும் கூழும் தனிப்பாயும் கிடைக்கும். முத்து காய்ந்தபின் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை மூன்று தடவை தலைக்கு ஊற்றுவார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு நேர்ச்சையும் உண்டு.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சின்னம்மை காற்றிலேயே பரவும். முன்பு வந்திராத பத்துப் பேர் ஒரு வீட்டில் இருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றக்கூடும். முத்தெல்லாம் பொருக்குக் கட்டும்வரை ஒதுங்கியிருக்கச் சொல்லும் மருத்துவரும் வாசல் வேப்பிலையும் சொல்வது ஒன்றே. நகத்தால் கீறாமல் இலையால் வருடுவதும் நல்லதுதான், இலை கழுவியதாக இருந்தால். ஆனால் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று கிளம்பிவிடும். வேப்பிலை கட்டும்போது பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளைக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

என் மனக்குறை வேறு. "அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது" என்கிற விதி பெரியம்மைக் காலத்தது என்றே நினைக்கிறேன். அன்று கொடுக்க மருந்தும் இல்லை. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. விதி மட்டும் சின்னம்மையின் மேல் தங்கிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பத்து நாளில் தானாகவே இறங்கிவிடும், பெயர் விதிக்குப் போகும். அதே நம்பிக்கையில் முப்பத்தைந்து வயது மில் தொழிலாளியும் படுத்துக்கிடந்தால், நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டு மூச்சு முட்டலாம். பிரசவத்தை ஒட்டித் தாய்க்குக் கண்டால் பச்சிளம் சிசுவின் உயிருக்கே ஆபத்து. அசைக்ளோவிர் மாத்திரை முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். "மூணு நாள் பார்ப்போம்" என்பதில் அந்த நேரம் போய்விடுகிறது. மருந்தைப் பற்றிய அச்சம் முழுக்க ஆதாரமற்றதும் அல்ல; அம்மை கண்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையும் ஈரலும் கெடக்கூடும். கடையில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் போகச் சொல்வதற்கு அதுவும் காரணம்.

இறங்கிய அம்மை உடலைவிட்டுப் போவதுமில்லை. நரம்பில் ஒடுங்கியிருந்து, முதுமையில் அக்கியாக எழலாம். காவியால் அக்கி எழுதிக்கொள்கிறவரை நான் தடுக்கமாட்டேன். நெற்றியிலோ கண்ணோரத்திலோ வந்தால் மட்டும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போகவேண்டும். பார்வை போகிற விஷயம்.

சின்னம்மைக்கான தடுப்பூசியை ஜப்பானின் மிச்சியாகி தகாஹாஷி 1974-லேயே உருவாக்கிவிட்டார். குழந்தைக்கு 15 மாதமானபின் இரண்டு தவணை. தட்டம்மை ஊசியை இலவசமாகப் போடும் அரசுப் பட்டியலில் இது இல்லை; தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட வேண்டும். வேப்பிலையை மட்டும் நம்பும் தாயைக் குறைசொல்லும் முன் இந்தப் பட்டியலை மாற்றச் சொல்லிக் கேட்கவேண்டும்.