'அம்மா வந்தாள்' நாவலும் இருவேறு தீர்ப்புகளும்

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஈப்போவுக்கு வடக்கே செமோர் வட்டாரத்தில், ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களாக இருந்து இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இடங்களில் வாழும் தமிழாசிரியர்களிடம் இந்நாவலின் பெயரைச் சொன்னாலும், தமிழ்நாட்டில் கேட்கும் அதே இரு குரல்களைக் கேட்கலாம். மாணவர் கையில் கொடுக்கத் தகாத நூல் என்பது ஒரு குரல். இத்தகையதொரு தாயை வேறெந்தத் தமிழ் நாவலாசிரியரும் படைத்ததில்லை என்பது மற்றொரு குரல். இரண்டும் உரத்த குரல்களே. ஆயினும் இரண்டுமே நாவலின் மையத்தை விட்டுச் சற்று விலகி நின்று பேசுவதாகத் தோன்றுகிறது.

கதை சுருக்கமானது. சென்னையில் வாழும் தண்டபாணி வேதாந்தம் கற்றவர்; சோதிடமும் அறிந்தவர். அவருடைய மனைவி அலங்காரத்தம்மாள், பிள்ளைகள் பெற்ற பின்னர், சிவசு என்னும் செல்வருடன் உறவு கொள்கிறாள். அப்புவுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அவ்வுறவில் பிறந்தவர்கள். தண்டபாணி இதனை அறிவார். அறிந்தும் வாய் திறவார். அப்புவைச் சிறுவயதிலேயே காவிரிக் கரையில் பவானியம்மாள் நடத்தும் வேத பாடசாலைக்கு அனுப்பிவிடுகிறாள் தாய். படிப்பு முடிந்து வீடு திரும்பும் அப்பு உண்மையைக் காண்கிறான்; மனம் கலங்கிப் பாடசாலைக்கே மீள்கிறான். அங்கே தன்னையே எண்ணி வாழும் இளங்கைம்பெண் இந்துவின் அன்புக்கு உடன்படுகிறான். மகனைத் தேடி வந்த அலங்காரம் காசிக்குப் போக முடிவு செய்கிறாள்.

நூலைக் கண்டிப்போர் கூறுவது எளிதில் தள்ளத்தக்கதன்று. குடும்பம் நிலைபெற்றுவிட்ட காலத்தில் நேரும் துரோகம், இளமையின் தடுமாற்றத்தைப் போன்றதன்று. அதன் சுமை மனைவி, கணவன் என்னும் இருவரோடு நில்லாமல் பிள்ளைகள் மீதும் விழுகிறது. இவ்வளவையும் சொல்லும் ஆசிரியர் ஓரிடத்திலேனும் தம் கண்டனத்தை வெளிப்படையாகக் கூறவில்லையே என்பது அவர்களுடைய குறை. இக்குறையை முதலில் நிறைவு செய்தது ஆங்கில மொழிபெயர்ப்பு எனலாம். 1972இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்புக்கு 'அப்புவின் தாயின் பாவங்கள்' என்று பொருள்படும் தலைப்பு இடப்பட்டது. மூலத்தின் தலைப்பிலோ பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. ஒருத்தி வந்தாள் என்ற செய்தி மட்டுமே உண்டு. அட்டையிலேயே தீர்ப்பு எழுதப்பட்ட பிறகு உள்ளே விசாரணைக்கு என்ன வேலை?

பாராட்டுவோர் வேறொரு வழியில் தவறுகின்றனர். அலங்காரத்தின் கம்பீரத்தில் அவர்கள் மயங்கிவிடுகிறார்கள். இதில் ஆசிரியருக்கும் பங்குண்டு. அவள் நிற்பதையும் நடப்பதையும் பார்ப்பதையும் வருணிப்பதில் ஜானகிராமன் காட்டும் ஈடுபாடு சில இடங்களில் அளவு மீறுகிறது. அதற்கு நேர்மாறாக, சிவசு நம் முன் வந்து போகிறாரேயன்றி ஒரு மனிதராக உருப்பெறவே இல்லை. எதனால் அவரிடம் அவள் ஈடுபட்டாள் என்பதற்கு நாவலில் போதிய விடை கிடையாது. அழகை விடையாகக் கொள்ளுமாறு வாசகன் விடப்படுகிறான்.

தமிழாசிரியர்கள் இவ்விடத்தில் தம் வகுப்பறையையே எண்ணிப் பார்க்கலாம். இல்லறத்தில் துரோகம் என்பது தமிழ் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. மருதத்திணையின் உரிப்பொருளாகிய ஊடல் பெரும்பாலும் தலைவனது பரத்தையிற் பிரிவால் எழுவது. ஓரம்போகியார் பாடிய ஐங்குறுநூற்று முதல் நூற்றில் இதனைப் பரக்கக் காணலாம். கோவலன் மாதவியை அடைய ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் கொடுத்தவன். செல்வமெல்லாம் இழந்து திரும்பியவனைக் கண்ணகி ஒரு சொல்லும் கடிந்துரைக்காமல் ஏற்கிறாள். அவன் மதுரைக்குப் புறப்படுவதைப் புதுவாழ்வுக்கான பயணம் என்றே மாணவருக்கு விளக்குகிறோம். ஆடவன் திரும்பி வருவதற்கு ஒரு திணையும் ஒரு காப்பியமும் இடம் தந்த மொழியில், பெண்ணொருத்தி திரும்புவதற்கு வழியுண்டா என்று 1966இல் ஒரு நாவல் கேட்டது. கேள்வி கேட்டதையே குற்றமாகக் கொள்ளுதல் முறையாகாது.

ஆனால் அலங்காரத்துக்கு உண்மையான ஒப்பு கோவலன் அல்லன், மாதவி. கோவலன் இறந்த செய்தி கேட்டபின் மாதவி துறவு பூணுகிறாள். மகள் மணிமேகலையையும் அறநெறியில் செலுத்துகிறாள். இந்திர விழாவில் ஆட வருமாறு சித்திராபதி அனுப்பிய அழைப்பை மறுத்து, மணிமேகலை கண்ணகியின் மகள் ஆதலால் தவநெறிக்கே உரியவள் என்கிறாள். தாய் ஒருத்தி தன் வாழ்வின் களங்கம் பிள்ளையைத் தொடராதபடி அப்பிள்ளையைத் தவத்தின் பக்கம் திருப்புவது இங்கும் நிகழ்கிறது, 'அம்மா வந்தாள்' நாவலிலும் நிகழ்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு, அதுவே எல்லாம். மாதவி முதலில் தன்னைத் துறந்தாள். பிறகே மகளைச் செலுத்தினாள். அலங்காரம் தன் வாழ்க்கையில் எதையும் விடாமல் மகனைத் துறவி போல் வளர்க்கப் பார்த்தாள். வேதம் கற்று அக்கினியாய் நிற்கும் பிள்ளையின் காலடியில் தன் பாவத்தைப் பொசுக்கிக் கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

ஆகவே நாவலில் இருக்கும் துரோகங்கள் இரண்டு. கணவனுக்கு இழைக்கப்பட்டதை எல்லோரும் பேசுகிறார்கள். மகனுக்கு இழைக்கப்பட்டதை எவரும் பேசுவதில்லை. விளையாடவேண்டிய வயதில் வீட்டை விட்டு அகற்றப்பட்டு, தான் செய்யாத குற்றத்துக்குப் பிராயச்சித்தமாக வளர்க்கப்பட்டவன் அப்பு. அவனிடம் இதற்குச் சம்மதம் கேட்டவர் ஒருவரும் இல்லை.

காவிரிக் கரையும் வேத பாடசாலையும் கிந்தா பள்ளத்தாக்கின் வாசகருக்குத் தொலைவானவை. இந்துவின் கைம்மை நிலையும் ஓரளவு தொலைவானதே. ஆனால் பெற்றோரின் கணக்கைப் பிள்ளை தீர்க்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவருக்குத் தொலைவானதன்று. விடியுமுன் பிரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிய தாய் தந்தையர், லயத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளையாவது கரையேறவேண்டும் என்று எண்ணியது இயல்பு, போற்றத்தக்கது. அந்த எண்ணத்தால் ஆசிரியரானவர்கள் பலர். எனினும் குடித்துக் கெடுத்த தந்தைக்கும், கடன்பட்டு நொந்த வீட்டுக்கும் ஈடாக ஒரு சிறுவன் முதல் மதிப்பெண் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவன் தோளில் ஏற்றப்படும்போது, அப்புவின் நிலையும் அவன் நிலையும் நெருங்கி வருகின்றன. வகுப்பில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும் மாணவர் சிலரைப் புரிந்துகொள்ள, கண்டனக்காரரும் பாராட்டுவோரும் தரும் உரைகளைவிட நாவலின் இப்பகுதி அதிகம் உதவும். ஜானகிராமன் வானொலியில் சேருமுன் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அலங்காரத்தின் காசிப் பயணத்தைச் சிலர் தண்டனை என்கிறார்கள்; சிலர் ஓட்டம் என்கிறார்கள். மேனாட்டு நாவல்களில் இத்தகைய பெண்களின் முடிவு பெரும்பாலும் சாவுதான்: பிளாபேரின் எம்மா நஞ்சுண்டு மடிகிறாள், டால்ஸ்டாயின் அன்னா இரயில் சக்கரத்தில் விழுகிறாள். ஜானகிராமன் தம் நாயகியைக் கொல்லவில்லை. மகனும் தன்னைப் போலவே ஆசைக்கு உட்பட்ட மனிதன்தான் என்று கண்டவுடன், அவனை வைத்துத் தூய்மை பெறும் திட்டத்தை அவள் கைவிடுகிறாள். தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு புறப்படுவது அவள் வாழ்வில் அதுவே முதல் முறை. காசியில் அவளுக்கு விமோசனம் கிட்டியதா என்று நாவல் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. மகன் விடுபட்டான். புதுவாழ்வு என்று ஒன்றை இந்நாவலில் சுட்டவேண்டுமானால் அது இதுவே.

இந்நூலைக் கீழ் வகுப்புகளுக்குப் பரிந்துரைப்பதில் பொருளில்லை. ஆறாம் படிவ மாணவரும் ஆசிரியர் பயிற்சி பெறுவோரும் தாராளமாகப் படிக்கலாம். அவர்களிடம் அலங்காரம் செய்தது சரியா, தவறா என்று கேட்டால் வகுப்பு ஐந்து நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்து, மேற்கொண்டு நூலைப் புரட்டாது. எல்லாம் அறிந்தும் பேசாதிருந்த தண்டபாணி பிள்ளைகளுக்குச் செய்தது என்ன என்று கேட்டால், அவர்கள் மீண்டும் முதல் அதிகாரத்துக்குப் போகவேண்டியிருக்கும்.