தற்காலிகம் என்றால் எத்தனை நாள்?

சட்டத்தின் உயிர் சொல்லில் இருக்கிறது. சொல் தெளிவாயின் எளியோனுக்கு அது கேடயம். சொல் மயங்குமாயின் அதிகாரியின் கையில் அதுவே வாள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் ஒரு சொல்லை எடுத்து ஆராய்வோம்.

நிலையாகக் குடியிருக்க உரிமை பெற்ற ஒருவர், 'தற்காலிகமாக' வெளிநாடு சென்று மீண்டால், அவர் திரும்பிவரும் குடியிருப்பாளர் என்கிறது அச்சட்டம். நன்று! ஆனால் தற்காலிகம் என்றால் எத்தனை நாள்? சட்டம் வாய் திறக்கவில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இச்சொல், 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலும் புகுந்து, விளக்கமின்றியே இன்றுவரை நீடிக்கிறது.

இந்த மயக்கம் மனிதனை என்ன செய்யும்? இக்னாட்ஸ் மெசெய் என்பவரின் வழக்கைப் பாருங்கள். பஃபலோ நகரில் 25 ஆண்டுகள் வாழ்ந்தவர். 1948இல், ருமேனியாவில் சாகக்கிடந்த தாயைக் காணப் புறப்பட்டார். ருமேனியா உள்ளே விடவில்லை. ஹங்கேரியோ வெளியே விடவில்லை. 19 மாதங்கள் சிக்கிக் கிடந்து, 1950இல் மீண்டவரை எல்லிஸ் தீவில் அடைத்தனர். நாட்டின் பாதுகாப்புக்கு ஆகாதவர் என்றனர். ஏன் என்று கூறவில்லை. விசாரணையும் இல்லை. 1953இல் உச்சநீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அது சரியே என்றது! 1954இல்தான் அவர் வெளியே வந்தார்; அதுவும் உரிமையாக அன்று, சலுகையாக.

அதே 1953இல், அதே நீதிமன்றத்தில், குவாங் ஹை சியூ என்ற கப்பல் தொழிலாளி வென்றார். அவர் குடியிருப்பாளரே, விசாரணை பெற உரியவரே என்றது தீர்ப்பு. அவர் சோதனைக்குட்பட்டு அமெரிக்கக் கப்பலில் சென்றவர். மெசெயோ மறுவருகை அனுமதியின்றிச் சென்று நெடுநாள் தங்கியவர் எனப் பிரித்துக் காட்டினர் நீதிபதிகள். ஆனால் அந்த 19 மாதங்கள் அவர் விரும்பிய மாதங்களா? தாயின் மரணப் படுக்கை நாள் குறித்தா அழைக்கும்?

பின்னர் எண்கள் வந்தன. 180 நாள்களுக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் புதிதாக நுழைவு கோருபவராகக் கருதலாம் என்றது 1996ஆம் ஆண்டுச் சட்டம். ஓராண்டு கடந்தால் பச்சை அட்டை மட்டும் போதாது. ஆனால் ஓராண்டுக்குள் திரும்பினால் அச்சமில்லையா? அதுவும் இல்லை! வீடு எங்கே, வேலை எங்கே, குடும்பம் எங்கே, எண்ணம் என்ன என்று கேட்டு, குடியிருப்பைக் கைவிட்டவர் என்று கூற இடமுண்டு. நோயுற்ற பெற்றோரைக் காண நம் ஊருக்கு ஓடிவரும் பச்சை அட்டைக்காரர்க்கும் இதே நிலை.

நெகிழ்ச்சி நல்லது, எண்ணை இறுக்கிக் கட்டினால் நோயாளியும் அகப்படுவான் என்பர் சிலர். உண்மைதான். இரண்டாண்டு என்று எண் குறித்த பிரிட்டனில், கரீபியத் தீவுகளிலிருந்து சிறுவயதில் வந்து வாழ்ந்தோர் சிலர், பயணம் சென்று திரும்ப இயலாது தவித்ததை 2018இல் உலகம் கண்டது. எனவே எண் மட்டும் போதாது என்போம். எண்ணும் வேண்டும், நோய், போர், தடை எனும் விலக்குகளும் எழுத்தில் வேண்டும், மறுப்பதாயின் காரணமும் விசாரணையும் வேண்டும்.

நெகிழ்ச்சி யாருக்காக என்பதே கேள்வி. குடியிருப்பவனுக்காக வளைந்தால் அது கருணை. அதிகாரிக்காக வளைந்தால் அது எதேச்சாதிகாரம். சட்டத்தைப் படிக்கும் இளைஞர்கள், எழுதப்பட்ட சொல்லோடு நிற்காமல், எழுதாமல் விட்ட சொல்லையும் தேடிப் படிப்பார்களாக!